என் போட்டோவ கேக்காம ஒரு பேஜ்ல போட்டுட்டாங்க, என்ன பண்ணலாம்?

கல்லணையில தண்ணி தொறந்தப்ப நீங்க எடுத்த படத்த வாட்டர்மார்க்க க்ராப் பண்ணிட்டு ஒரு பேஜ்ல போட்டுட்டாங்கன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் இதே கதைதான், திருவையாறு படித்துறைல விடியக்காலைல பனில நின்னு எடுத்த படம், மூலைல இருந்த என் பேர் மேல ஒரு ரோஜாப்பூ ஸ்டிக்கர ஒட்டி 'இனிய காலை வணக்கம்' போட்டு சுத்த விட்டு கடைசில எங்க சித்தப்பாவே எனக்கு ஃபார்வர்ட் பண்ணாரு!

விஷயம் என்னன்னா, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி படம் எடுத்தவருக்குத்தான் உரிமை, ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும்னு இல்ல, எடுத்தவரோட ஆயுள் முழுக்கவும், அவர் இறந்ததுக்கு அடுத்த வருஷத்துலேந்து 60 வருஷமும் நிக்கும். 'கிரெடிட்ஸ் டு ஓனர்'னு போடுறாங்க பாருங்க, அது அனுமதி ஆகாது. ஆனா காசு வாங்கிட்டு எடுத்த கல்யாணப் படம்னா கதையே வேற, தனியா எழுதிக்கலன்னா உரிமை ஆர்டர் குடுத்தவங்களுக்குப் போயிடும், நம்மாளுங்க நெறைய பேருக்கு இது தெரியாது.

மொதல்ல ஸ்க்ரீன்ஷாட், லிங்க், தேதி எல்லாம் எடுத்து வைங்க, கேமராவுல பதிவான ஒரிஜினல் ரா ஃபைல அழிச்சிடாதீங்க, அதான் உங்க சாட்சி. அப்பறம் அவங்களுக்கு மெசேஜ் போட்டுப் பாருங்க, மசியலன்னா ஃபேஸ்புக், இன்ஸ்டா ரெண்டுலயும் காப்பிரைட்டுக்குன்னே தனி ஃபார்ம் இருக்கு, சும்மா ஸ்பேம்னு அடிக்காம அத ரொப்பி அனுப்புங்க.