நாய்க்குட்டிக்கு முன்னால் கார்டு பாக்கியை முடியுங்கள்

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. ரொம்ப நாளாக நாய்க்குட்டி கேட்கிறாள். ஒரு பக் குட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டோம், எட்டு வாரம் முடிந்ததும் அடுத்த மாதம் தருவார்கள். விலை என் மாதச் சம்பளத்தில் பாதி. அதைக் கிரெடிட் கார்டில் 12 மாதத் தவணையாகப் போடலாம் என்று இருக்கிறேன். சாப்பாடு, மருத்துவர் செலவு மாதம் சம்பளத்தில் 8 சதவீதம் வரும் என்று கணக்கு. கார்டில் ஏற்கெனவே ஒன்றரை மாதச் சம்பளம் அளவுக்குப் பாக்கி இருக்கிறது. பெரும்பகுதி தம்பியின் பைக்குக்காகத் தேய்த்தது. அவன் தந்ததும் அடைத்துவிடுவேன், அதுவரை மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறேன். சம்பளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைப்புநிதி இருக்கிறது, தொட மனமில்லை. குட்டிக்கு இன்சூரன்ஸ் எடுப்பதா, மாதச் சந்தா பராமரிப்புத் திட்டத்தில் சேர்வதா? யோசித்து யோசித்துத் தூக்கம் போகிறது.

பதில்: இன்சூரன்ஸா சந்தாவா என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டும் இல்லை. "மினிமம் டியூ தவறாமல் கட்டுகிறேன்" என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்களே, வங்கி கேட்கும் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டும் அந்தப் பழக்கம்தான்.

உங்கள் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 150. கார்டு வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் டியூ 5 சதவீதம் என்று வைத்தால் மாதம் 7.5க்கு மேல் கட்டுகிறீர்கள், அதில் 4.5 வட்டிக்கே போய்விடுகிறது. புதிதாக ஒன்றுமே வாங்காமல் ஒரு வருஷம் இப்படியே கட்டினாலும் மொத்தம் ஏறக்குறைய 82 கட்டியிருப்பீர்கள், பாக்கி 115ல் நிற்கும். 48 போல வட்டி. அதாவது ஒரு குட்டியின் விலையை வங்கிக்குச் சும்மா கொடுத்திருப்பீர்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. முழுத் தொகையையும் கட்டுகிறவர்களுக்குத்தான் கார்டில் வாங்கியதற்கு வட்டியில்லாக் காலம். பாக்கியை இழுத்துக்கொண்டு போகும்போது பெரும்பாலான கார்டுகளில் புதிதாகத் தேய்ப்பதற்கெல்லாம் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். குட்டி வந்த வாரமே தடுப்பூசி, பூச்சி மருந்து, தீவனம், கூண்டு என்று அந்தக் கார்டைத்தான் நீட்டுவீர்கள். தவணையும் உங்களைக் காப்பாற்றாது. மாதத் தவணை அப்படியே மினிமம் டியூவில் ஏறி உட்காரும், "வட்டியில்லாத் தவணை" என்றாலும் செயல்முறைக் கட்டணம் பெரும்பாலும் தனியாக இருக்கும்.

தம்பி விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அவர் தரும்போது தரட்டும், கேட்டு வாங்குங்கள், கார்டை மட்டும் இனி கையில் கொடுக்காதீர்கள். ஆனால் கார்டில் இருப்பது உங்கள் பெயர், வட்டி உங்களுடையது. அவர் தரப்போகும் பணத்தை நம்பி உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுவதை இன்றோடு விடுங்கள்.

அப்புறம், குட்டியின் விலையே பெரிய செலவு என்று நினைக்கிறீர்கள். அது 50. நீங்களே சொன்ன மாதம் 8ஐ 12 வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், 1,150க்கு மேல். கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம். அதிலும் முதல் சில மாதங்கள் கனமானவை. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரையாவது போகும். அது முடிவதற்குள் பார்வோ என்ற வைரஸ் தொற்றினால் குட்டி வாந்தியும் ரத்தக் கழிச்சலுமாகச் சுருண்டுவிடும், நாள்கணக்கில் மருத்துவமனையில் வைத்து டிரிப்ஸ் ஏற்ற வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் முன்பணம் கேட்பார்கள், உங்கள் கார்டில் இடம் இருக்காது. மகள் பக்கத்தில் நிற்கும்போது அந்த நிலைமை உங்களுக்கு வரவே கூடாது.

பக் என்பதாலும் ஒரு வார்த்தை. சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறல், கண்ணில் புண், தோல் மடிப்பில் தொற்று அடிக்கடி வரும். சிலவற்றுக்கு மூச்சுப் பாதையில் அறுவை சிகிச்சையே தேவைப்படும். 8 சதவீதம் போதுமா என்று ஒரு கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, என்ன செய்வது? உங்கள் திட்டப்படி மினிமம் டியூ 7.5, தவணை 4க்கு மேல், குட்டிக்கு 8. மாதம் 20 செலவழிக்க நீங்கள் ஏற்கெனவே தயார். அந்த 20ஐ அடுத்த மாதத்திலிருந்தே எடுத்துவையுங்கள், குட்டி மட்டும் பிறகு வரட்டும். வைப்புநிதியில் 100ஐ எடுத்துக் கார்டில் கட்டுங்கள், மிச்சம் வீட்டு அவசரத்துக்கு இருக்கட்டும். வருஷத்துக்கு 36 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, அதில் ஒரு சிறு பங்கை மட்டுமே ஈட்டும் வைப்புநிதியைப் பூட்டிவைப்பதில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. மீதி 50ஐ மாதம் 20 வீதம் கட்டினால் மூன்றே மாதத்தில் கார்டு சுத்தம். அடுத்த ஐந்து மாதத்தில் 100 சேரும். பாதி குட்டியின் விலை, பாதி மருத்துவக் கையிருப்பு. ஆக எட்டு மாதம், தம்பி ஒன்றும் தராவிட்டாலும்.

சந்தாத் திட்டம் வேண்டாம். தடுப்பூசியையும் பரிசோதனையையும் கட்டாக்கி முன்கூட்டியே விற்கிறார்கள், அவ்வளவுதான். இன்சூரன்ஸை நான் முழுதாக ஒதுக்கவில்லை, ஆனால் பெரும்பாலும் நீங்கள் முதலில் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும், எனவே கையிருப்பு இல்லாமல் பாலிசி பயன்படாது. காத்திருப்புக் காலம் எவ்வளவு, பிறவிக் கோளாறுகளுக்குப் பணம் தருவார்களா என்று படியுங்கள். பக் குட்டிக்கு இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

கேமரா வைத்த தீவனப் பெட்டி, மெத்தை எல்லாம் இப்போது வாங்காதீர்கள். நாலு மாதம் ஆனதும் பால் பல் விழுந்து புதுப் பல் முளைக்கத் தொடங்கும், அப்போது மெத்தை, செருப்பு, சார்ஜர் ஒயர் எல்லாம் வாய்க்குள் போகும். பழைய போர்வை ஒன்று, நடுவில் தடுப்பு நகர்த்தக்கூடிய ஒரே கூண்டு, இரண்டு கிண்ணம் போதும்.

குட்டி தருபவரிடம் நாளையே பேசி, அடுத்த ஈற்றில் ஒரு குட்டிக்கு உங்கள் பெயரை மாற்றிப் போடச் சொல்லுங்கள். முன்பணம் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை. மகளிடம் "பார்க்கலாம்" என்று இழுக்காமல் எந்த மாதம் வரும் என்று சொல்லிவிடுங்கள். அதுவரை தண்ணீர், நடை, சுத்தம் இதில் எது அவள் வேலை என்று இருவரும் உட்கார்ந்து பேசி வையுங்கள்.