வலி தானாகப் போனது, பேர் கோப்பைக்கு

கேள்வி: என் மகன் பளுதூக்குகிறான். தோள்பட்டை வலிக்கு டாக்டர் ஆறு வாரம் ஓய்வு என்றார். அவனோ முதுகெல்லாம் கப்பிங் (கோப்பையைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்ச வைக்கும் வைத்தியம்) வட்டத்தோடு வந்து நிற்கிறான். கேட்டால், "நீச்சல் சாம்பியன் பெல்ப்ஸே போட்டுக்கிட்டாருப்பா" என்கிறான். உடம்பே மூலதனமானவர்கள் ஏன் ஆதாரமில்லாத வைத்தியத்தில் போய் விழுகிறார்கள்?
- வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: ஆறு வாரம் என்றாரே, டாக்டர் அங்கேயே தோற்றுவிட்டார். அடுத்த மாதம் போட்டி இருக்கிறவனிடம் கப்பிங்காரர், "வெள்ளிக்கிழமை வா தம்பி, ஞாயிற்றுக்கிழமை தூக்கிடலாம்" என்றிருப்பார். பையன் பார்த்தது வைத்தியத்தை அல்ல, காலண்டரை. தவிர, டாக்டர் மூன்று நிமிஷத்தில் சீட்டு எழுதினார்; இவர் அரை மணி நேரம் தோளைத் தொட்டுப் பார்த்து, எந்த எடையில் பிடித்தது என்று கேட்டிருப்பார். அந்தக் கவனிப்புக்கே பாதி வலி குறையும்.

மீதி? வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் யாரும் வைத்தியம் தேடுவார்கள். உச்சத்துக்குப் போன வலி பெரும்பாலும் சும்மா படுத்திருந்தாலே இறங்கும். இறங்கும்போது பக்கத்தில் யார் இருந்தாரோ அவருக்குப் பேர்.

பெல்ப்ஸின் வட்டங்களை உலகம் பார்த்தது 2016 ரியோவில். அதற்கு முன்பே அவரிடம் 18 ஒலிம்பிக் தங்கம். அதே வட்டத்தோடு முதல் சுற்றிலேயே வெளியேறியவன் முதுகை எந்த கேமரா காட்டியது? (பளுதூக்கும் பையனுக்கு உதாரணம் காட்ட, 2014, 2018 என இரண்டு காமன்வெல்த் தங்கம் வாங்கிய உங்கள் ஊர் சதீஷ் சிவலிங்கம் கிடைக்கவில்லையா, நீச்சல்காரர்தான் கிடைத்தாரா?)

மாட்டினால் பலமும் சமநிலையும் கூடும் என்று பவர் பேலன்ஸ் என்றொரு ரப்பர் காப்பு வந்ததே, நினைவிருக்கிறதா? கையை நீட்டச் சொல்லி அமுக்குவார்கள், சாய்வீர்கள். காப்பை மாட்டி மறுபடி அமுக்குவார்கள், அசையாமல் நிற்பீர்கள். இரண்டாம் தடவை அமுக்கப் போகிறார்கள் என்று உடம்புக்குத் தெரியும், அவ்வளவுதான் சூட்சுமம். பெரிய பெரிய ஆட்டக்காரர்களே மாட்டிக்கொண்டு திரிந்தார்கள். கடைசியில் 2010-ல் ஆஸ்திரேலிய நுகர்வோர் ஆணையம் பிடித்தபோது, நம்பத்தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லை என்று அந்த நிறுவனமே ஒப்புக்கொண்டது.

உறிஞ்சலில் தோலுக்கடியில் கட்டிய ரத்தம்தான் அந்த வட்டம். சில நாளில் மறையும். அதற்காகப் பையனைத் திட்டாதீர்கள். பேர் ஒட்டாத டப்பாவில் சூரணம், லேகியம் ஏதாவது கொடுத்தார்களா என்று மட்டும் விசாரியுங்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்து பரிசோதனையில் தெரிந்தால், "தெரியாமல் சாப்பிட்டேன்" என்பது தப்பிக்க வைக்காது. உடம்பில் இருப்பதற்கு வீரன்தான் பொறுப்பு என்பது ஊக்கமருந்து விதி.

டப்பா இருந்தால் எடுத்துக்கொண்டு டாக்டரிடமே மறுபடி போங்கள். இந்தத் தடவை போட்டித் தேதியையும் சொல்லுங்கள். எந்த வாரம் எவ்வளவு எடை தொடலாம் என்று எழுதி வாங்காமல் எழுந்து வராதீர்கள்.