சில்லியில் பீன்ஸ் அவியாவிட்டால்

தக்காளியைக் கடைசியில் போடுங்கள். இரண்டு மணித்தியாலம் கொதித்தும் சில்லியில் (இறைச்சி, தக்காளி, பீன்ஸ் போட்டுச் செய்யிற உறைப்புக் கறி) கிட்னி பீன்ஸ் (ராஜ்மா விதை) கல்லாகவே இருக்கு என்றீங்கள். இறைச்சியோடயும் தக்காளியோடயும் ஒன்றாக ஏற்றியதுதான் காரணமாயிருக்கும். புளிப்புப் பட்டால் விதை லேசில் மசியாது.

ஒரு விதையை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளை மாவாய்த் தெரிந்தால் இன்னும் அவியவேணும்.

கேத்தல் அடியில் வெள்ளைப் படிவு பிடிக்கிற கிணற்றுத் தண்ணியெண்டால் அதுவும் ஒரு காரணம். மட்டக்களப்பில் கரையோரம் இருக்கிறீங்கள்தானே, குழாய்த் தண்ணியில் அவியுங்கோ.

மாரிக்குளிருக்கு அவசரப்பட்டு அரைவேக்காட்டில் மட்டும் சாப்பிட்டிடாதீங்கோ, வாந்தி எடுக்கும். இரவே ஊறப்போட்டு, அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணியில் 10 நிமிடமாவது தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே தணலைக் குறையுங்கோ.