பக்கத்துத் தோட்டத்தில் சோலார் வருதாமே? பீடோங் மக்களின் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், நம் பீடோங் பக்கம் செம்பனையை அழித்துவிட்டு சோலார் பண்ணை போடப்போகிறார்கள் என்று பேச்சு. சோலார் நிலையங்களில் வயரிங் வேலை பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள்.

அண்ணே, இதையெல்லாம் ஆளில்லாத பாலைவனத்தில் போட்டால் என்ன?

பாலைவனத்தில் ஆளில்லை என்று யார் சொன்னது? ராஜஸ்தானின் பட்லாவில் 2,245 மெகாவாட் நிலையம் இருக்கிறது, சுமார் 14,000 ஏக்கர். அதே மாநிலத்தில் ஜெய்சல்மேர் பக்கம் ஆடு, ஒட்டகம் மேய்ப்பவர்கள், சாமிக்கு விட்ட ‘ஓரான்’ நிலங்கள் சோலாருக்குப் போய்விடக்கூடாது என்று போராடுகிறார்கள். அங்கே கானமயில் என்ற அரிய பறவை மின்கம்பியில் அடிபட்டுச் சாவது உச்ச நீதிமன்றம் வரை வழக்காகப் போனது. நமக்கும் வெயிலுக்குக் குறைவில்லை. இதே கெடாவின் குரூணில் 50 மெகாவாட் நிலையம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது.

பேனலால் நோய் வருமா?

பேனலால் வராது. கலிபோர்னியாவில் சோலார் கட்டுமானத் தொழிலாளர்களுக்குக் காய்ச்சல் வந்தது உண்மை. அது அந்த வறண்ட மண்ணில் இருக்கும் பூஞ்சை, தூசியோடு நுரையீரலுக்குப் போய் வந்தது. இங்கே தூசியைவிடச் சேறுதான் தொல்லை. மரத்தை அழித்த வெற்று மண்ணில் நம்ம ஊர் மழை பெய்தால் அத்தனையும் கால்வாயில் இறங்கும். மண் தடுப்புக் குளம் வெட்டுவார்களா என்று முதலில் கேளுங்கள்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீடும் கோயிலும் என்னாகும், தம்பி?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி, அக்கா. கர்நாடகாவின் வறண்ட பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரை விவசாயிகளிடம் வாடகைக்கு எடுத்தார்கள். ஆரம்பத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். நிலக்காரருக்குச் சரி. அந்த வயல்களில் கூலிக்குப் போன நிலமற்றவர்களுக்கு வாடகையும் இல்லை, வேலையும் போனது. நம் நிலை அதற்குப் பக்கத்தில்தான். கிராண்ட், அதாவது நிலப் பட்டா, கம்பெனி பெயரில்; நாம் லயத்தில்.

விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும், திட்ட அனுமதியும் வேண்டும். அண்டை நிலத்துக்காரருக்கு நோட்டீஸ் போனாலும் லயத்துக்காரர் கதவை யாரும் தட்டமாட்டார்கள். அதனால் மரம் விழுவதற்கு முன்பே நில அலுவலகத்துக்கும் நகராண்மைக் கழகத்துக்கும் கூட்டாக மனு கொடுங்கள். வீடு, கோயில், இடுகாடு மூன்றும் வரைபடத்தில் குறிக்கப்பட வேண்டும். மேனேஜர் வாயால் சொன்னதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா?

கட்டும்போது நிறைய. அப்புறம் புல் வெட்ட, காவலுக்கு, பழுது பார்க்க ஒரு சிலர்.

பேனலுக்கு அடியில் மாடு மேய்க்கலாமா?

மாடு இரும்புச் சட்டத்தில் முதுகை உரசும், வெள்ளாடு மேலே ஏறி நிற்கும். செம்மறி என்றால் பரவாயில்லை, வெளிநாடுகளில் விடுகிறார்கள். மாடு வைத்திருப்பவர்கள் வேலிக்கு வெளியே மேய்ச்சல் இடம் வேண்டும் என்று அதே மனுவில் எழுதிவிடுங்கள்.