எத்தனை முறை தூக்கினீர்கள்? பைகள் பற்றிச் சில கேள்விகள்

கழிவுநீரைப் பற்றி எழுதினால் யாரும் வாய் திறப்பதில்லை. பையைப் பற்றி ஒரு வரி எழுதினால் போதும், கடிதங்கள் குவிந்துவிடுகின்றன. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காகிதப் பை மரத்திலிருந்து வருகிறது, மண்ணில் மக்குகிறது. பிளாஸ்டிக்கைவிட அதுதானே நல்லது?

மரத்திலிருந்து வருவது உண்மைதான். ஆனால் மரத்துக்கும் பைக்கும் நடுவே ஓர் ஆலை இருக்கிறது. மரச்சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் போட்டு, அழுத்தத்தில் வேகவைத்துத்தான் கூழ் எடுக்கிறார்கள். காகித ஆலைப் பக்கம் போகும்போது மூக்கைத் துளைக்கும் அழுகிய முட்டை நாற்றம் சல்பைடில் இருக்கும் கந்தகத்தின் வேலை. தண்ணீரும் வெப்பமும் நிறையவே செலவாகின்றன.

அப்புறம் எடை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில் மெல்லிய பிளாஸ்டிக் பை சுமார் 8 கிராம், காகிதப் பை சுமார் 55 கிராம். கிட்டத்தட்ட ஒரே அளவு சாமானைத் தூக்க ஏழு மடங்கு பொருள்! ஒரே முறை பயன்படுத்தி எறிந்த பிளாஸ்டிக் பையோடு, புவி வெப்பமாதல் கணக்கில் சமமாக வேண்டுமானால், காகிதப் பையை 3 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்றது அந்த ஆய்வு. காகிதப் பை மூன்றாவது முறை வரை தாங்குமா என்பது உங்களுக்கே தெரியும். அடியில் கொஞ்சம் ஈரம் பட்டால் முதல் முறையே சாமானெல்லாம் தெருவில்தான்.

எல்லா ஆய்வும் இப்படியே சொல்வதில்லை. டென்மார்க் 2018-ல் செய்த கணக்கில், வெளுக்காத காகிதப் பை புவி வெப்பமாதலில் பிளாஸ்டிக்குக்குப் பின்தங்கவே இல்லை. அங்கே ஒப்பிட எடுத்துக்கொண்ட பிளாஸ்டிக் பை கொஞ்சம் தடித்தது என்பது ஒரு காரணம். ‘காகிதம் ஜெயித்தது’, ‘பிளாஸ்டிக் ஜெயித்தது’ என்று தலைப்பு பார்த்தால், எந்தப் பையோடு எந்தப் பையை ஒப்பிட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.

குப்பை ஒழுங்காகச் சேகரிக்கப்படாமல் காற்றில் பறக்கும் இடமென்றால், நான் காகிதத்தின் பக்கம். குப்பை ஒழுங்காகப் போய்ச் சேருகிற இடத்தில், திரும்பவும் பயன்படுத்துவதாக இருந்தால், பிளாஸ்டிக் பை அப்படியொன்றும் பாவமில்லை. வாங்கியது இரண்டே பொருள் என்றால் கையிலேயே எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

பருத்திப் பையை 20,000 முறை பயன்படுத்தினால்தான் பிளாஸ்டிக்கைவிட மேல் என்று படித்தேன். நிஜமா? என் துணிப்பைகளை என்ன செய்வது?

இந்த எண்ணைக் கேட்டவுடன் பாதிப் பேர் பதறுகிறார்கள், மீதிப் பேர் ‘அப்போ பிளாஸ்டிக்கே போதும்’ என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். இரண்டுமே அவசரம்.

எண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். மேலே சொன்ன அதே டென்மார்க் ஆய்வுதான். இயற்கை முறைப் பருத்திப் பைக்கு 20,000 முறை, சாதாரணப் பருத்திப் பைக்கு 7,100 முறை. தினம் ஒரு முறை தூக்கினால்கூட 20,000-ஐத் தொட 54 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்! ஆனால் அந்த ஆய்வு வெப்பமாதல், நீர், நச்சு, ஓசோன் படலப் பாதிப்பு என்று பல அளவுகோல்களை வைத்துக்கொண்டு, ‘இவை அத்தனையிலும் பிளாஸ்டிக்குக்குச் சமமாக எத்தனை முறை?’ என்று கேட்டது. அப்படிக் கேட்டால் இருப்பதிலேயே மோசமான மதிப்பெண்தான் விடையாக வந்து நிற்கும். ஒன்பது பாடத்தில் தேறி ஒன்றில் தவறியவனை அந்த ஒன்றை வைத்தே எடைபோடுவது மாதிரி. பருத்தி தவறிய பாடம் ஓசோன். இயற்கை முறைப் பைக்கு இன்னொரு அடியும் விழுந்தது. அவர்கள் எடுத்த பையில் கொள்ளளவு குறைவு என்பதால், ஒரு பைக்குப் பதில் இரண்டாகக் கணக்கிட்டார்கள்.

அதே ஆய்வில் புவி வெப்பமாதலை மட்டும் பார்த்தால் எண்கள் முறையே 149, 52 என்று இறங்கிவிடுகின்றன. இங்கிலாந்து ஆய்வு 131 என்றது. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் சொன்னது 50 முதல் 150 வரை. வாரம் ஒரு முறை கடைக்குப் போகிறவருக்கு ஓராண்டிலிருந்து மூன்றாண்டு. நல்ல தையல் உள்ள துணிப்பை அதைத் தாராளமாகத் தாங்கும்.

அதற்காகப் பருத்தியைச் சாதுவென்று சொல்லிவிட முடியாது. ஒரு கிலோ பருத்தித் துணிக்கு உலகச் சராசரியில் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர் ஆகிறது. 180 கிராம் பை என்றால் 1,800 லிட்டர். மத்திய ஆசியாவின் ஆரல் கடல் வற்றியதே, அதற்குத் தண்ணீர் கொண்டுவந்த ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பிவிட்டதால்தான்.

ஆகவே வீட்டில் இருக்கிற துணிப்பையை விடாமல் தூக்குங்கள், புதிதாக வாங்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கருத்தரங்குகளில் கொடுத்த துணிப்பைகள் பதினொன்று தொங்குகின்றன. பாதியில் ‘பூமியைக் காப்போம்’ என்று வேறு அச்சடித்திருக்கிறார்கள். ஒருவர் கையில் பதினொரு பை இருந்தால் ஒவ்வொன்றும் 131 முறை எப்போது வெளியே போகும்? இப்போதெல்லாம் யாராவது பை நீட்டினால் ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழகியிருக்கிறேன்.

பழைய சட்டை, போர்வை, திரைச்சீலையில் தைத்த பை என்றால் இந்தக் கணக்கே கிடையாது. அந்தப் பருத்திக்கான தண்ணீரும் உரமும் எப்போதோ செலவாகிவிட்டன.

கடைகளில் துணி மாதிரியே ஒரு பை கொடுக்கிறார்களே, அது துணியா பிளாஸ்டிக்கா?

பிளாஸ்டிக். அதை நான்-ஓவன் பை என்பார்கள். பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கை உருக்கி இழையாக இழுத்து, பரப்பி, சூட்டில் அழுத்தி ஒட்டவைத்தது. நெசவு கிடையாது. வெளிச்சத்தில் பிடித்தால் ஊடும் பாவும் தெரியாது, வரிசை வரிசையாகச் சிறு புள்ளிகள்தான் தெரியும். ஓர் இழையைப் பிய்த்து நெருப்பில் காட்டினால் (ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு) பருத்தி சாம்பலாகும், இது உருகி மணியாக உருளும்.

பிளாஸ்டிக் என்பதற்காக முகம் சுளிக்க வேண்டாம். இங்கிலாந்து கணக்கில் இதற்கு 11 முறை போதும், ஐ.நா. தொகுப்பில் 10 முதல் 20. வலுவாகத் தைத்திருந்தால் எண்களின்படி நல்ல பேரம். மெல்லியதாக, கைப்பிடியை வெறும் சூட்டில் ஒட்டிக் கொடுப்பதுதான் ஏமாற்று. அது நாலாவது முறையே பிய்ந்துவிடும், இற்றுப்போனால் வீடெங்கும் பொடிப்பொடியாய் உதிரும்.

‘மக்கும் பை’ என்று அச்சடித்திருந்தால் தைரியமாக வாங்கலாமா?

எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று அதிலேயே அச்சடித்திருந்தால் வாங்கலாம்.

பிளிமத் பல்கலைக்கழகத்தின் இமோஜென் நாப்பரும் ரிச்சர்ட் தாம்சனும் பலவகைப் பைகளை மண்ணில் புதைத்தும் கடல்நீரில் போட்டும் மூன்று ஆண்டுகள் காத்திருந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். ‘உயிரிச்சிதைவு அடையும்’ என்று எழுதியிருந்த பை மூன்று ஆண்டு கழித்தும் கடைச் சாமானைத் தாங்கியது! உரமாகும் வகைப் பை கடலில் மூன்றே மாதத்தில் காணாமல் போனது. ஆனால் மண்ணில் 27 மாதம் கழித்தும் உருவத்தோடு இருந்தது, எடைதான் தாங்கவில்லை. இந்த வகைப் பைகளை ஏறக்குறைய 58 டிகிரி செல்சியஸ் சூட்டில் நடக்கும் தொழிற்சாலை உரக்கூடங்களை மனதில் வைத்துச் செய்கிறார்கள். வீட்டு உரக்குழி அவ்வளவு சூடாகவே இருக்கும் என்று நம்ப முடியாது.

‘ஆக்ஸோ’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் தொடவே வேண்டாம். அது மக்குவதில்லை, நொறுங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தடைசெய்துவிட்டது.

நீங்கள் பிளாஸ்டிக் கம்பெனியிடம் சம்பளம் வாங்குகிறீர்களா? கடலில் ஆமைகள் சாவது கண்ணில் படவில்லையா?

சம்பளம் வாங்கவில்லை. ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மேலே நான் சொன்ன ‘இத்தனை முறை’ எண்கள் எல்லாமே, பை கடைசியில் எரிக்கும் ஆலைக்கோ குப்பைக்கிடங்குக்கோ மறுசுழற்சிக்கோ ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. பறந்துபோய் வாய்க்காலில் சிக்கிய பைக்கு அதில் இடமே கிடையாது. 8 கிராம் எடைதான் பிளாஸ்டிக் பைக்குத் தொழிற்சாலையில் நல்ல பெயர் வாங்கித் தந்தது. அதே 8 கிராம்தான் அதைக் காற்றில் பறக்கவும் விடுகிறது.

10,898 மீட்டர் ஆழத்தில், பசிபிக் பெருங்கடலின் மரியானா அகழியில், ஒரு பிளாஸ்டிக் பை படமாகியிருக்கிறது. ஆமைகள் பையை ஜெல்லி மீன் என்று நினைத்து விழுங்குவதாகச் சொல்வார்கள். தோற்றம் மட்டுமல்ல, வாசனையும் காரணமாக இருக்கலாம். கடலில் கிடந்து பாசியும் நுண்ணுயிரும் படிந்த பிளாஸ்டிக்கின் வாசனை பட்டால், இரையின் வாசனை பட்டால் நடந்துகொள்வது போலவே ஆமைகள் நடந்துகொள்கின்றன என்று 2020-ல் ஒரு சோதனை காட்டியது. வங்கதேசம் 2002-ல் மெல்லிய பைகளைத் தடைசெய்தது. அப்படிச் செய்த முதல் நாடு அதுதான். வெள்ளத்தின்போது வடிகால்களைப் பைகள் அடைத்துக்கொண்டதுதான் காரணம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பையை 1960-களில் வடிவமைத்தவர் ஸ்வீடனின் ஸ்டென் குஸ்தாஃப் தூலின். காகிதப் பைக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கத்தான் அதை உருவாக்கினார் என்றும், தானே ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார் என்றும் அவருடைய மகன் சொல்லியிருக்கிறார்.

பிளாஸ்டிக் பையைத் தடைசெய்தால் பிரச்சினை தீர்ந்துவிடுமா?

தெருவில் கிடக்கும் பைகள் குறையும். அது சின்ன விஷயமில்லை. ஆனால் பலர் அந்தப் பையைத்தான் வீட்டுக் குப்பைக்கூடைக்குள் விரித்துக்கொண்டிருந்தார்கள். கலிபோர்னியாவில் தடைக்குப் பிறகு என்ன நடந்தது என்று 2019-ல் ஓர் ஆய்வு பார்த்தது. கடைப் பைகளால் ஆன பிளாஸ்டிக் சுமார் 1.8 கோடி கிலோ குறைந்தது. கூடவே, விலைக்கு விற்கும் குப்பைப் பைகளால் சுமார் 54 லட்சம் கிலோ கூடியது. சிறிய அளவுக் குப்பைப் பைகளின் விற்பனை மட்டும் 120 சதவீதம் எகிறியது. இலவசப் பைக்குப் பதிலாகத் தடித்த பையைக் காசு கொடுத்து வாங்கி, நேரே குப்பைக்குள் போட்டார்கள்!

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பை ஒவ்வொன்றும் குப்பைப் பையாகிவிட்டால் பருத்திப் பையின் கணக்கு 131-லிருந்து 327-க்கு ஏறிவிடும் என்கிறது இங்கிலாந்து ஆய்வு. ஈரக்கழிவை உரமாக்கிவிட்டால், மிச்சமுள்ள உலர்ந்த குப்பைக்கு உள்ளே எதையும் விரிக்கவே தேவையில்லை.

துணிப்பையைத் துவைக்க வேண்டுமா?

வேண்டும். அமெரிக்காவில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்று கடைக்கு வந்தவர்களிடம் 84 பைகளை வாங்கிச் சோதித்தது. கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஏராளமான பாக்டீரியா. துவைத்தால் 99.9 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஒரு முறைகூடத் துவைத்ததில்லை. பச்சை இறைச்சிக்கும் மீனுக்கும் தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஈரப் பையை விடாதீர்கள்.

பிளாஸ்டிக் பைகளை மற்ற மறுசுழற்சிப் பொருட்களோடு சேர்த்துப் போடலாமா?

தனியாக வாங்கிக்கொள்ளும் இடம் இருந்தால் அங்கே கொடுங்கள். பொதுத் தொட்டியில் போட்டால், பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொள்ளும். ஆட்கள் இயந்திரத்தை நிறுத்திக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டியிருக்கும்.

கடைக்குக் காரில் கிளம்பி 2 கிலோமீட்டர் போனபிறகு துணிப்பையை மறந்தது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து எடுத்துப் போனேன். சரிதானே?

இந்த வருடத்தில் எனக்கு வந்த மிக நல்ல கேள்வி இது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் போகும் வண்டி என்றால் கிலோமீட்டருக்கு 150 கிராம். நீங்கள் திரும்பி வந்ததில் கூடுதலாக ஓடியது 4 கிலோமீட்டர், அதாவது 600 கிராம். இங்கிலாந்து ஆய்வின்படி மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றின் முழு ஆயுளுக்கும் சுமார் 20 கிராம்தான். ஒரு பையைத் தவிர்க்க 30 பைகளுக்கான புகையை விட்டிருக்கிறீர்கள்.

அடுத்த முறை மறந்தால் கடையிலேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் மடித்து வண்டியிலேயே போட்டுவிடுங்கள். நடந்து போயிருந்தீர்கள் என்றால், திரும்பி வந்தது சரிதான்.