சப்பைக்குள் கிடந்த ஸ்டேக்

கேள்வி: ஹூஸ்டனில் மகன் வீட்டில் இருக்கிறேன். இங்கே கடையில் 'ஃப்ளாட் அயர்ன் ஸ்டேக்' என்று ஒன்று, விலாப் பகுதித் துண்டான ரிப் ஐயைவிட விலை குறைவு. இஸ்திரிப்பெட்டிக்கும் மாட்டிறைச்சிக்கும் என்ன சம்பந்தம்? நம்பி வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்குங்கள் அம்மா. ஓட்டல் கிரில்லில் நின்ற காலத்திலிருந்தே எனக்கு மிகப் பிடித்த துண்டு இது.

பெயர் அதன் வடிவத்தால் வந்தது. தட்டையாக, ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் கூம்பி, பழைய இஸ்திரிப்பெட்டியின் அடித்தட்டுபோல இருக்கும்.

ஆட்டில் முன்சப்பை என்கிறோமே, மாட்டில் அதே இடம்தான். தோள்பட்டை எலும்பின்மேல் படிந்திருக்கும் தசை. சப்பை என்றாலே கடினம், நெடுநேரம் வேகவைக்கவும் கொத்துக்கறிக்கும்தான் ஆகும் என்று அமெரிக்காவிலும் ஒதுக்கியிருந்தார்கள். 1990-களில் சப்பைக்கும் பின்தொடைக்கும் விலை சரிந்தது. மாட்டிறைச்சித் துறையின் நிதியில் நெப்ராஸ்கா, ஃப்ளோரிடா பல்கலைக்கழகங்கள் அந்தப் பகுதிகளின் தசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சோதித்தன. இந்தத் தசை மென்மையில், மாட்டிலேயே மிக மென்மையான துண்டான டெண்டர்லாயினுக்கு அடுத்த இடத்தில் நின்றது! 2000-களின் தொடக்கத்தில்தான் இந்தப் பெயரோடு பரவலாக விற்பனைக்கு வந்தது.

அதுவரை அதைக் கெடுத்தது நடுவில் ஓடும் தடித்த ஜவ்வு. குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அது வந்துவிடும். ஃப்ளாட் அயர்னுக்குக் கத்தியை ஜவ்வை ஒட்டியே நீளவாக்கில் ஓட்டி, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு பாளங்களாக எடுப்பார்கள். பொறுமையான வேலை, அந்தக் கைகளுக்கு என் மரியாதை. வாங்கும்போது இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். தடித்த வெள்ளை ஜவ்வு ஒட்டியிருந்தால் வேண்டாம்.

உப்பு, மிளகு போதும். நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் இரண்டு பக்கமும் சிவக்க விடுங்கள். உள்ளே 63 டிகிரி செல்சியஸ் வந்ததும் எடுத்து 3 நிமிடம் ஆறவிடுவது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பாதுகாப்பு அளவு. அதற்குமேல் போனால் வறண்டுவிடும். அப்புறம், நாருக்குக் குறுக்கே மெல்லியதாக நறுக்குங்கள்.

கேள்வி: லண்டனில் கிடைக்கும் ஃபெதர் பிளேடும் இதுவும் ஒன்றா?

பதில்: தசை ஒன்றுதான். அங்கே ஜவ்வோடு குறுக்கே வெட்டித் தருவார்கள். அதைக் கிரில்லில் போடாதீர்கள். மூடிவைத்துச் சிறுதீயில் மூன்று மணி நேரம் விட்டால் ஜவ்வு இளகிக் குழம்பிலேயே கரைந்துவிடும். ஆஸ்திரேலியாவுக்குப் போனால் இதே தசையை ஆய்ஸ்டர் பிளேடு என்று கேளுங்கள்.