பழைய கம்ப்யூட்டர் மேல் எவ்வளவு பணம் போடலாம்?

கேள்வி: கடலூர் தேவனாம்பட்டினத்தில் இருக்கிறோம். 2015-இல் வாங்கிய கம்ப்யூட்டர். ஐ3 நான்காம் தலைமுறை பிராசசர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மனைவி டியூஷன் பிள்ளைகளுக்கு வினாத்தாள் அடிப்பார். மகள் கல்லூரி வேலைக்குப் பயன்படுத்துகிறாள். நான் கரண்ட் பில், பேங்க் வேலை பார்ப்பேன். ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்தாலும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடையில் மதர்போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்ற 22,000 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றலாமா, புதிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். நீங்கள் சொல்லும் வேலைகளுக்கு அந்த ஐ3 இன்னும் தாங்கும். உங்களைக் காக்க வைப்பது பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான், அடுத்தது ரேம். நான் சொல்கிறேன் என்பதற்காக நம்ப வேண்டாம், நீங்களே பார்த்துவிடலாம்.

டெஸ்க்டாப் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று பட்டன்களையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போனால் சிபியு (அதாவது பிராசசர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று வரிசையாக இருக்கும். ஒன்றையும் தொடாமல் ஐந்து நிமிடம் பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, சிபியு 10, 20 என்று சும்மா இருந்தால் பிராசசர் மேல் குற்றமில்லை. அப்புறம் வேர்டு, குரோம் என்று வழக்கமாகத் திறப்பதையெல்லாம் திறந்துவிட்டு மெமரியைப் பாருங்கள். 85 சதவீதத்தைத் தாண்டினால் ரேம் பற்றவில்லை. ரேமில் இடமில்லாததை விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் வைக்கும். ஏற்கெனவே திணறுகிற டிஸ்க்குக்கு அது இன்னொரு சுமை.

நோட்பேடும் கால்குலேட்டரும் சட்டென்று திறந்து, வலைப்பக்கம் மட்டும் இழுக்கிறது என்றால் கோளாறு நெட்டில். வைஃபையை விட்டுவிட்டு ஒருநாள் கேபிள் போட்டுப் பாருங்கள்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு, பெரும்பாலும் நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கை நகர்ந்துபோய்ப் படிக்க வேண்டும். ஒவ்வொரு நகர்வுக்கும் சுமார் 10 மில்லிசெகண்ட் ஆகும். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் வேண்டும். ரேஷன் கடையில் அரிசிக்கு ஒருமுறை, சர்க்கரைக்கு ஒருமுறை, பருப்புக்கு ஒருமுறை என்று வரிசையில் நிற்கிற மாதிரி. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டுகிற, சிப்பிலேயே தகவலை வைக்கிற எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதே வேலை 0.1 மில்லிசெகண்ட் அளவில் முடிந்துவிடும். அதனால் எஸ்எஸ்டி மாட்டியதும் கம்ப்யூட்டர் ஆன் ஆகும் நேரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

கடையில் கேட்க வேண்டியது 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி (கேபிள் வழியாக மாட்டும் வகை), 240 அல்லது 256 ஜிபி. மதர்போர்டிலேயே நேராகச் செருகும் என்விஎம்இ வகையைக் கொடுத்தால் வாங்காதீர்கள், உங்கள் காலத்து போர்டில் அநேகமாக அதற்கு இடமே இருக்காது. மூன்று வருட வாரண்டி இல்லாததைத் தொடவே வேண்டாம். அந்தக் கால போர்டுகள் பலவற்றில் சாட்டா துளைகள் இரண்டு வகை. பக்கத்தில் பொடி எழுத்தில் 6ஜி என்று அச்சிட்டிருக்கும் துளையில் மாட்டச் சொல்லுங்கள். மற்றதில் மாட்டினாலும் ஓடும், வேகம் பாதியாகும்.

விண்டோஸைப் புதிதாக ஏற்றுவதா, பழையதை அப்படியே நகல் எடுப்பதா என்று கடைக்காரர் கேட்பார். பத்து வருடக் குப்பை சேர்ந்திருக்கும், புதிதாக ஏற்றுவதே என் கட்சி. ஆனால் உங்கள் வீட்டில் ஒரு சிக்கல் உண்டு. வினாத்தாள்களை பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத விண்டோஸில் அவை கிறுக்கலாகத் தெரியும். முதலில் எழுத்துருக்களை ஒரு பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் தட்டச்சுக்கு எந்த மென்பொருள் போட்டிருக்கிறீர்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பாக கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓட்டி, பழைய டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். நீலத்தில் 'குட்' என்றால் அதை போட்டோ வைக்க உள்ளேயே விட்டுவிடலாம். மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் மற்ற வேலையெல்லாம் அப்புறம், அன்றைக்கே போட்டோக்களை வேறிடத்தில் நகல் எடுங்கள்.

ரேம்: டாஸ்க் மேனேஜரில் மெமரியைத் தொட்டால், இரண்டு ஸ்லாட்டில் ஒன்றுதான் பயன்பாட்டில் என்பது போல விவரம் தெரியும். காலி இடம் இருந்தால் இன்னொரு 4 ஜிபி போதும். உங்களுடையது அநேகமாக டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம். டிடிஆர்4 வாங்கினால் அதில் உட்காரவே உட்காராது. டிடிஆர்3-ஐ புதிதாகத் தேடி அலைய வேண்டாம். பழசாக, சரியில்லை என்றால் மாற்றித் தருவேன் என்று சொல்கிற கடையில் வாங்குங்கள். 2025 கடைசியிலிருந்து ரேம் விலையும் எஸ்எஸ்டி விலையும் ஏறிக்கொண்டு போகின்றன, ஏஐ நிறுவனங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால். ஆகவே போன வருட விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

எஸ்எஸ்டி நாளைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கினாலும் கூடவே வரும். டிடிஆர்3 ரேம் வராது. அதனால்தான் முதல் பணம் எஸ்எஸ்டிக்கு.

22,000 கொடுத்து மூன்றையும் மாற்றினால் பவர் சப்ளை, கேபினட், ஹார்ட் டிஸ்க் எல்லாம் பழசாகவே இருக்கும். கம்ப்யூட்டரோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு கட்டப்பட்டது, போர்டு போனால் அதுவும் போகலாம். அந்தப் பணத்தை ஒட்டிய விலைக்கே கம்பெனிகள் கழித்துவிட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர்களை, துடைத்துச் சரிசெய்து, வாரண்டியோடு விற்கிறார்கள். வாங்கும் காலம் வந்தால் அதைப் பாருங்கள். ஐ5 என்ற பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். ஐ5-8500 மாதிரி, கோட்டுக்குப் பின்னால் வரும் எண் 8, 9 என்றோ, ஐந்து இலக்கமாக இருந்தால் 10, 11 என்றோ தொடங்க வேண்டும்.

ஏன் 8? விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதில் சேரும் வழி இருக்கும். 'பைபாஸ் பண்ணி 11 போட்டுத் தர்றேன் சார்' என்று, அதாவது அந்தத் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட்டுத் தருவதாக, கடையில் சொல்வார்கள். போட முடியும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பேங்க் வேலை பார்க்கிற கம்ப்யூட்டரில் நான் போடமாட்டேன். நீட்டிப்புக் காலம் முடிந்தால் பேங்க் வேலையைப் போனுக்கு மாற்றிவிட்டு, இதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். இலவசம், இந்த ஐ3-க்குச் சுமையும் இல்லை. ஆனால் மகளுக்குக் கல்லூரியில் விண்டோஸ் மென்பொருள்தான் வேண்டும் என்றால் அந்த வழி ஒத்துவராது.

கடைசியாக ஒன்று, நீங்கள் கடலோரம் என்பதால். உப்புக் காற்றின் ஈரத்தில் தூசி பறக்காது, பிசின் மாதிரி ஒட்டும். பிராசசர் மேலிருந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் தகடுகளுக்கு நடுவே அது மெத்தை போல அடைத்துக்கொள்ளும், சூடு ஏறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே ஃபேன் இரைந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம். எஸ்எஸ்டி மாட்டும் அன்றைக்கே தூசி எடுத்து, பிராசசர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் என்ற பசையைப் புதிதாகத் தடவச் சொல்லுங்கள். ரேமைக் கழற்றி அதன் பொன்னிறக் காலை அழிரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள், அதையும் கேளுங்கள். ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பின்னால் போகிறதென்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறினால் பேங்க் தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்காது, இதையும் பலர் 'நெட் ஸ்லோ' என்கிறார்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் தண்ணீர் வீட்டுக்குள் வந்ததை நம் பக்கத்தில் பலர் பார்த்திருக்கிறார்கள்.

வேகத்தைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்லும் கிளீனர் மென்பொருள் எதையும் போடாதீர்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். விண்டோஸோடு வருகிற டிஃபென்டரே போதும். வேலை முடிந்து பெட்டியை வாங்கும்போது பழைய ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கழற்றியிருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் பேங்க் காகிதங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.